நிறம் சேராத துணிகளில் ஐந்து குயில்ட் மேல்பாகம்

வணக்கம். இரண்டு பெட்டி நிறையப் பருத்தித் துணி சேர்ந்துவிட்டது, ஐந்து குயில்ட் (மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்றடுக்காகத் தைக்கும் போர்வை) மேல்பாகமாவது தைத்துத் தீர்க்க வேண்டும், ஆனால் நிறங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தை விடுங்கள். வெளிர், அடர் என்று இரண்டாக மட்டும் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். இரண்டும் மாறி மாறி வந்தால் பச்சைப் பூவும் ஆரஞ்சுக் கட்டமும்கூடப் பக்கத்தில் அழகாக உட்காரும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுங்கள். நான் 5 இன்ச் சதுரம்தான் வெட்டுவேன். சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குப் போக 4.5 இன்ச் நிற்கும். 13க்கு 16 என்று 208 சதுரம் சேர்த்தால் 58.5க்கு 72 இன்ச் வரும். 44 இன்ச் அகலத் துணியில் இதற்குச் சுமார் மூன்றரை மீட்டர் போகும். சின்னத் துண்டுகளைப் பட்டையாக வெட்டி, நடுச்சதுரத்தைச் சுற்றித் தைக்கும் லாக் கேபின் கட்டத்துக்கு வையுங்கள்.

சிவப்பு, கருநீலத் துணிகளை வெட்டும் முன் தனியாக அலசுங்கள். ஒருமுறை அலசாமல் தைத்து, முதல் சலவையிலேயே என் வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸாகிவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

பஞ்சு வைக்காமல் மேல்பாகத்தைக் கொஞ்ச நாள் மடித்து வைப்பதானால், விளிம்பிலிருந்து அரைக்கால் இன்ச் உள்ளே சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், ஓரம் பிரியாது. பெரிய துண்டுகள் மிஞ்சினால் அடித்துணிக்கு ஆகும்.