அமெரிக்க மாநிலங்களுக்குக் கிடைக்கும் பிரைவேட் ஆக்டிவிட்டி பாண்ட் ஒதுக்கீடு ஆண்டு முடிவில் மிஞ்சினால் என்ன ஆகும்?

பொது நிதி வகுப்புக்கு ஏதோ கட்டுரை எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. "மிஞ்சினால்" என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை. சிகாகோவை ஒட்டிய ஒரு சிற்றூர் நிர்வாகத்தில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். இந்த மிச்சத்துக்காக ஊர்க் கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

மிஞ்சுவது பணமே இல்லை. ரேஷன் கார்டு மாதிரி. கார்டில் அளவு இருக்கும், அரிசி வேறு இடத்தில் இருக்கும். தனியாருக்குப் பயன்படும் கட்டடம், கடன் திட்டம் போன்றவற்றுக்காக அரசு அமைப்புகள் வரிவிலக்குள்ள பாண்ட், அதாவது வட்டிக்கு வரி இல்லாத கடன் பத்திரம், வெளியிடலாம், ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று 1986-இன் வரிச் சட்டம் போட்ட உச்சவரம்பு அது. 2025-க்குத் தலைக்கு 130 டாலர். சின்ன மாநிலமானால் மொத்தமாக 38.878 கோடி டாலர்.

இந்த வரம்பை உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது மாநிலத்தின் இஷ்டம். இல்லினாய்ஸில் மக்கள்தொகை 25,000-ஐத் தாண்டிய ஊர்கள் ஹோம் ரூல், அதாவது தன்னாட்சி அதிகாரம் உள்ள ஊர்கள். தலைக்கணக்குப்படி பங்கு நேராக வந்துவிடும். 30,000 பேர் உள்ள ஊருக்கு 39 லட்சம் டாலர். அதை வைத்து ஒரு நல்ல அடுக்குமாடிக் குடியிருப்புகூடக் கட்ட முடியாது. மே 1-க்குள் எதற்காவது ஒதுக்க வேண்டும், அல்லது வேறு அமைப்புக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆளுநரின் வரவுசெலவு அலுவலகத்துக்குப் போய்விடும். அதனால் ஏப்ரலிலேயே தீர்மானம் போட்டு, முதல் வீடு வாங்குவோருக்கான கடன் திட்டத்துக்குக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து ஊர்களில் வழக்கம். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

செப்டம்பரில் உள்ளூர் உதிரிபாகத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் மன்றக் கூட்டத்துக்கு வந்தார். புது ஷெட், புது மெஷின்கள், அதற்கு வரிவிலக்கு பாண்ட் வேண்டும். தொழிற்சாலைகளுக்கு அப்படி ஒரு வகை உண்டு, ஒரு கோடி டாலர் வரை. ஒதுக்கீடு போய்விட்டது என்று தெரிந்ததும், "எங்கள் ஊர்ப் பணத்தை எவனோ வீடு வாங்கத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே" என்று மைக்கில் கத்தினார். மன்ற உறுப்பினர்கள் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். அந்த ஜனவரியில் ஊரிலுள்ள ஒவ்வொரு தொழிற்சாலைக்கும், இந்த ஆண்டு தேவை இருந்தால் சொல்லுங்கள் என்று கடிதம் அனுப்பியவள் நான். அவரிடமிருந்து பதில் வரவில்லை. கடித நகலை எடுத்துக் காட்டினேன். பிறகு அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எல்லோரும் ஏப்ரலிலேயே கொடுத்து முடித்திருந்தார்கள். கடைசியில் அவர் வங்கிக் கடனுக்குப் போனார்.

"கொஞ்சம் பிடித்து வைத்திருக்கலாமே" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். உங்கள் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. டிசம்பர் 31-இல் மிஞ்சியதை ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) படிவம் 8328 போட்டு அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் எந்த நோக்கத்துக்கு என்று அப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. வாடகைக் குடியிருப்பு, வீட்டுக் கடன், மாணவர் கடன் போன்றவற்றுக்கு அந்த வசதி உண்டு. தொழிற்சாலைக்குக் கிடையாது. முதலாளிகளுக்காகப் பிடித்து வைத்து அவர்கள் வராமல் போனால், ஜனவரியில் அது அவர்களுக்கு உதவாது. ஆண்டுக் கடைசியில் பல மாநிலங்களில் மிச்சம் வீட்டுவசதி அமைப்புகளின் கையில் போய்ச் சேருவதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான்; எந்த ஊர் குமாஸ்தாவும் இல்லை. மூன்று ஆண்டுக்குள் அதையும் பயன்படுத்தாவிட்டால் காலாவதி.

எல்லா இடத்திலும் மிஞ்சுகிறது என்றும் எழுதிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் ஒதுக்கீட்டுக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்கள் வரம்பைத் தாண்டுகின்றன. டெபாசிட் கட்ட வேண்டும், பாண்ட் வெளியிடாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். டெக்சாஸில் குலுக்கல் போட்டு ஒதுக்குகிறார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு கட்டுபவர்களுக்கு மத்திய அரசின் 4 சதவீத வரிக்கழிவு கிடைக்கவேண்டுமானால் நிலம், கட்டடச் செலவில் பாதியாவது இந்த பாண்டிலிருந்து வர வேண்டும் என்றிருந்ததும் இந்த நெரிசலுக்கு ஒரு காரணம். 2025-இல் வந்த சட்டம் அதை 2026 முதல் 25 சதவீதமாகக் குறைத்துவிட்டது. அதே வரம்பில் இனி கூடுதல் திட்டங்கள் நுழையும். நெரிசலே இல்லாத மாநிலங்களில் மிச்சம் இன்னும் பெருகும் என்பது என் ஊகம்.

    

சரி, உங்கள் கட்டுரைக்கு: படிவம் 8328-க்கான கடைசி நாள் மறு ஆண்டு பிப்ரவரி 15. அதற்கு முன்பே அந்த பாண்டை வெளியிட்டால் வெளியிடும் நாளே கெடு. டிசம்பரிலேயே முடிந்துவிடும் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.