தனி ஜெட்டில் போகிறவர்கள் காத்திருக்கும் இடம்: கேட்டதும் சொன்னதும்

லண்டனுக்கு வெளியே, தனியார் ஜெட் விமானங்கள் மட்டும் வந்து போகும் ஒரு முனையத்தில் 11 வருடம் பயணிகளை வரவேற்கும் வேலை செய்தேன். இப்போது உரும்பிராயில் இருக்கிறேன். பயணிகள் அங்கே காத்திருக்கும் இடமான லவுஞ்ச் பற்றி நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொக்குவில், ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கும் மாணவி: அண்ணா, பெரிய விமான நிலையங்களில் பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச் பார்த்திருக்கிறேன். தனி ஜெட் லவுஞ்ச் அதைவிடப் பெரிதா?

இல்லை தங்கச்சி, அநேகமாகச் சிறியது. விமான நிலையத்தின் இன்னொரு மூலையில் தனிக் கட்டடம். கார் வாசல் வரை வரும். நாலைந்து சோபா, கூட்டம் வைக்க ஓர் அறை, குளிக்க வசதி, நல்ல கோப்பி, விமானம் நிற்கும் இடத்தைப் பார்த்த பெரிய கண்ணாடி. அவ்வளவுதான்.

இந்த இடத்தை எஃப்.பி.ஓ. என்பார்கள். முதலாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் விமானிகள் ஊர் ஊராகப் பறந்து போய், காசுக்கு ஆட்களை ஏற்றிக் காட்டினார்கள். 1926இல் விமானப் போக்குவரத்துக்குச் சட்டம் வந்ததும் பலர் ஒரே இடத்தில் கொட்டகை போட்டுத் தொழில் செய்யத் தொடங்கினார்கள். நிலையான இடத்தில் தொழில் நடத்துபவர் என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. இன்றும் எரிபொருள் நிரப்புவது, விமானத்தை நிறுத்த இடம் கொடுப்பது, உள்ளே துப்புரவு செய்வதுதான் அவர்களுடைய முக்கிய தொழில். லவுஞ்ச் அதில் ஒரு பகுதி.

பயணிகள் பெரும்பாலும் புறப்பட 15, 20 நிமிடம் இருக்கும்போதுதான் வருவார்கள். ஒருவர் அங்கே ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தால் எங்கோ ஒன்று பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். பனிமூட்டமாக இருக்கலாம், ஓடுபாதையில் நேரம் கிடைக்காமல் இருக்கலாம், பத்திரத்தில் சிக்கலாக இருக்கலாம்.

சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பணம் உள்ளவர்களுக்குக் குடிவரவு, சுங்கம் ஒன்றும் இல்லையாமே?

அது தவறான கதை ஐயா. கடவுச்சீட்டு, விசா, சுங்கம் எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். வரிசை மட்டும்தான் இல்லை. பிரிட்டனுக்கு வரும் அல்லது அங்கிருந்து போகும் விமானம், பயணிகளின் விவரத்தைப் புறப்படுவதற்குக் குறைந்தது 2 மணித்தியாலத்துக்கு முன்பே அனுப்பியாக வேண்டும். அமெரிக்காவுக்கு 60 நிமிடம். பயணப்பொதிச் சோதனை நாட்டையும் விமானத்தின் எடையையும் பொறுத்து மாறும்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது பெயர். அப்பாவின் பெயர் முன்னால் வருகிறது, ஒரு பத்திரத்தில் முழுதாக, இன்னொன்றில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். ஒருமுறை ஒரு குடும்பம் வந்தது. விமானி தயார், பொதிகளும் ஏறிவிட்டன. கடைசிப் பிள்ளையின் கடவுச்சீட்டு காலாவதி. தாயும் பிள்ளையும் அழுதுகொண்டு லவுஞ்சில் நிற்க, மற்றவர்கள் போனார்கள். அந்தப் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்ததைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

சாவகச்சேரி, ஒரு அம்மா: தம்பி, லண்டனில் இருக்கும் மகன் தன் முதலாளி குடும்பத்தோடு என்னையும் சின்ன ஜெட்டில் கூட்டிப் போகிறானாம். எனக்கு முழங்கால் ஏலாது. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம் அம்மா, ஆனால் மகனை முதலே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். கார் விமானத்துக்குப் பக்கத்திலேயே போகும், நடை குறைவு. கஷ்டம் ஏறுவதில்தான். பெரிய விமானத்தைப் போல நேராக உள்ளே நடந்து போகும் பாலம் இல்லை. கதவோடு சேர்ந்த ஒடுக்கமான படிகள். உள்ளே உயரம் ஏறக்குறைய 5 அடிதான், குனிந்துதான் போக வேண்டும். கழிவறையும் மிகச் சின்னது, அதனால் லவுஞ்சிலேயே போய்விட்டு ஏறுங்கள். சக்கர நாற்காலியும், படியில் கை கொடுக்க ஓர் ஆளும் வேண்டும் என்று முதல் நாளே கேட்டால் ஒழுங்கு செய்வார்கள். இன்சுலின் வைத்திருந்தால் கேளுங்கள், குளிர்சாதனப்பெட்டியில் வைத்துத் தருவார்கள். கூச்சப்பட வேண்டாம், அது அவர்களுடைய வேலை.

திருநெல்வேலி, சாப்பாட்டுக்கடை நடத்துபவர்: சாப்பாடு லவுஞ்சிலா, விமானத்திலா?

லவுஞ்சில் கடிக்க ஏதாவது இருக்கும். சாப்பாடு விமானத்துக்குள்தான். முதல் நாளே சொன்னால் எதுவும் வரும், வெள்ளிக்கிழமைச் சைவமும் வரும். ஒரு குடும்பத்துக்கு இடியப்பமும் சொதியும் தமிழ்க் கடையில் இருந்து எடுப்பித்து, சொதியைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன். சின்ன ஜெட்டில் சூடாக்கும் இடம் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை.

கோண்டாவில், வாடகை வாகனச் சாரதி: முதலாளி லவுஞ்சில் இருப்பார். விமானியும் என்னைப் போன்றவர்களும் எங்கே இருப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி தம்பி. யாரும் கேட்பதில்லை. பயணி 15 நிமிடம் இருப்பார், விமானி ஒரு பகல் முழுக்க அங்கேயே இருப்பார். காலையில் இறக்கிவிட்டு இரவு திரும்ப ஏற்றும் பயணங்கள் நிறைய. நல்ல இடங்களில் விமானிகளுக்கு இருட்டாக்கிய ஓய்வறை, சாய்கதிரை, குளியலறை, வானிலை பார்க்கக் கணினி எல்லாம் இருக்கும். எந்த முனையத்தில் இறங்குவது என்று பல நேரம் தீர்மானிப்பதும் விமானிகளும் அவர்களுடைய நிறுவனமும்தான். சாரதிகளுக்குத் தனி இடம் சில முனையங்களில் மட்டும் உண்டு. நான் வேலை செய்த இடத்தில் அவர்கள் மழையிலும் காருக்குள்ளேயே இருந்தார்கள். நிர்வாகத்திடம் பலமுறை சொல்லி, கடைசியில் ஒரு சின்ன அறையும் தேத்தண்ணீர் போடும் இடமும் கிடைத்தது. ஒரு முனையம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் அந்த அறைகளைத்தான் பார்ப்பேன்.

மானிப்பாய், கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்: லவுஞ்சுக்குத் தனிக் காசா?

வாடகைக்கு எடுக்கும் பயணத்தில் அநேகமாக மொத்தத் தொகைக்குள் வந்துவிடும். ஆனால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரவில் முனையத்தைத் திறந்து வைக்கத் தனிக் கட்டணம் வரலாம். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் இறக்கையில் படிந்த பனியை மருந்து தெளித்து நீக்கும் செலவு பெரிதாக வரும், அதைப் பலர் பயணம் முடிந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

காங்கேசன்துறை, உயர்தர மாணவன்: அண்ணா, பலாலிக்கு இப்படி ஒரு லவுஞ்ச் வேண்டுமா?

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சென்னையில் இருந்து வருவது சுழல்விசிறி உள்ள ஏ.டி.ஆர். விமானம். ஜெட் என்றால் முதலில் ஓடுபாதையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். மிகச் சிறிய ஜெட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீற்றர் போதும், கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 போன்ற பெரியதற்கு 1,800 மீற்றர் அளவில் வேண்டும். நம் ஊர் மத்தியான வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், அப்போது இன்னும் கூடுதலாக ஓட வேண்டும். அப்புறம்தான் லவுஞ்ச்.

வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். பளிங்குத் தரை தேவையில்லை. விமானத்தில் இருந்து வாசல் வரை நிழல், துப்புரவான கழிவறை, நேரத்துக்கு வந்து முத்திரை குத்தும் அதிகாரி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை, சூடான பால் தேத்தண்ணீர். அவசர நோயாளியை ஏற்ற வரும் விமானத்துக்கும் அதே அறை உதவும். கொக்குவில் தங்கச்சி படிப்பை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர விரும்பினால் என்னிடம் கேட்கட்டும், வேலையைச் சொல்லித் தருகிறேன்.