பாதி விலைக்குப் பழைய ஜாயின்டர்: சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: நானும் ஒரு உதவியாளரும் மட்டும் இருக்கும் சிறிய மரப்பட்டறை. பலகையை ஒரே தடிமனாக இழைக்கும் திக்னஸர் இருக்கிறது, முதலில் ஒரு முகத்தைச் சமமாக இழைக்கும் ஜாயின்டர் இல்லை. பலகையின் ஒரு பக்கத்தைச் சமமாக்க வெளியில் கொடுத்து வாங்குகிறேன். பல பத்தாண்டுகள் பழைய 12 அங்குல வார்ப்பிரும்பு ஜாயின்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதிய 8 அங்குல மெஷின் விலையில் பாதிகூட இல்லை. புதியதைத் தவணையில் தருவதாக ஒரு டீலர் சொல்கிறார். சேமிப்பை எடுத்துப் பழையதை வாங்கலாமா? வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: வாங்கலாம். ஆனால் பழையதை விற்பவர் கேட்கும் விலைக்கு வேண்டாம்.

உங்கள் தொகைகளையெல்லாம், புதிய மெஷின் விலையை 100 என்று வைத்து மாற்றிக்கொண்டேன். பழையதற்குக் கேட்பது 45. தூக்கி ஏற்றி இறக்க 8. மோட்டார் த்ரீ பேஸ், உங்கள் பட்டறையில் இருப்பது சிங்கிள் பேஸ்; சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்றித்தர நடுவில் வைக்கும் வி.எஃப்.டி. என்ற கருவிக்கு 12. பிளேடு, பேரிங் 7. ஆக, முதல் பலகை இழைபடுவதற்குள் 72 போய்விடும். பழைய மெஷினைக் கழற்றினால் இன்னொரு கோளாறு தெரியும், அதற்கு 10 ஒதுக்குங்கள். 82 ஆகிவிட்டது. பாதி விலை என்ற பேச்சு இங்கேயே முடிந்தது.

இப்போது சேமிப்பு. கையில் 110 இருக்கிறது. வாடகை, சம்பளம், மரம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 12. மூன்று மாதச் செலவான 36-ஐத் தொடவே கூடாது. வாடிக்கையாளர் பணம் தர ஒரு மாதம் தள்ளிப்போட்டால், ஜாயின்டரை அறுத்தா சம்பளம் கொடுப்பீர்கள்? மீதி 74. அதில் விலை தவிர்த்த மேற்படிச் செலவுகள் (8, 12, 7, 10) 37 போக, விலையாகக் கொடுக்க முடிவது 37. அதுதான் உங்கள் உச்சவரம்பு. 38 என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

திரும்ப வருமா என்று பார்ப்போம். வெளியே கொடுக்கும் கூலி மாதம் 3. சொந்த மெஷினுக்கு மின்சாரம், பிளேடு தீட்ட அரை போனால் மிச்சம் இரண்டரை. போட்ட 74-ம் திரும்ப முப்பது மாதம் ஆகும். ஆனால் பழைய மெஷினின் தேய்மானத்தை முந்தைய முதலாளிகளே சுமந்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற நிலையில் வைத்திருந்தால் வாங்கிய விலைக்கு அருகில் விற்க வாய்ப்புண்டு. அப்படி 37 திரும்பினால், உண்மையில் செலவானது இன்னொரு 37. பதினைந்து மாத மிச்சத்தில் ஈடாகிவிடும். புது மெஷினோ கடை வாசலைத் தாண்டியதுமே பழையதாகிவிடும், அதற்கு வட்டி வேறு.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஜாயின்டர் ஒரு முகத்தைச் சமமாக்கும், ஒரு ஓரத்தை நேராக்கும். எதிர்ப்பக்கத்தை அதற்கு இணையாக, ஒரே தடிமனாக எடுப்பது திக்னஸர் வேலை. அது உங்களிடம் இருப்பதால்தான் மாதம் இரண்டரை மிச்சம் என்று எழுதினேன். இல்லையென்றால் பலகை மறுபடியும் வெளியேதான் போகும், கூலியும் குறையாது.

இந்தக் கணக்கெல்லாம் மெஷின் நன்றாக இருந்தால்தான். பார்க்கப் போகும்போது நேரான இரும்புப் பட்டையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் கொண்டுபோங்கள். முன் மேஜை, பின் மேஜை இரண்டிலும் பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.1 மி.மீ. தகடு நுழைகிறதா என்று பாருங்கள். மேஜை நுனி தொங்கினால் அடியில் மெல்லிய தகடு (ஷிம்) வைத்துத் தூக்கலாம், செலவு குறைவு. மேஜையே முறுக்கியிருந்தால் பெரிய கிரைண்டிங் மெஷினுக்குப் போகவேண்டும். என் 10 ஒதுக்கீடு அதற்குப் போதாது. வார்ப்பில் வெடிப்பு இருந்தால் பேச்சே வேண்டாம்.

அடுத்தது மோட்டார். பெல்ட்டில் ஓடுகிறது என்றால் நிம்மதி, எரிந்தாலும் வேறு மோட்டார் மாட்டிவிடலாம். சில பழைய மெஷின்களில் கட்டர், அதாவது பிளேடுகள் பூட்டிய சுழலும் பாகம், அதன் தண்டே மோட்டாரின் தண்டு. எரிந்தால் அந்த மோட்டாரின் கம்பிச் சுருளை (காயில்) மறுபடி கட்டுவதைத் தவிர வழியில்லை. பெயர்த்தகட்டில் இருக்கும் வோல்டேஜும் வி.எஃப்.டி. தரக்கூடிய வோல்டேஜும் ஒத்துப்போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். வி.எஃப்.டி.க்கு வைத்த 12 என்ற தொகை அதை நம்பித்தான் இருக்கிறது.

கட்டர் உருளையாக இல்லாமல் நான்கு மூலைக் கட்டையாக இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். மேஜைக்கும் அதற்கும் நடுவே வாய் அகலம், விரலை ஆழமாக இழுத்துவிடும். கட்டரை மூடும் பாதுகாப்பு மூடி (கார்டு) இல்லாமல் மெஷின் வந்தால் அதையும் போட்ட பிறகுதான் உதவியாளர் மெஷினைத் தொடவேண்டும்.

அப்புறம், உங்கள் நேரம். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர் ஒருவர் பழைய பேண்ட்சா (பட்டை ரம்ப மெஷின்) வாங்கினார். ‘இந்த மாதம் முடித்துவிடுவேன்’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்துக்கு மேல் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவருக்கு மெஷின் ரிப்பேர் பிடிக்கும், சரி. உங்களுக்கு அலமாரி செய்து கொடுத்தால்தான் காசு. ரிப்பேர் இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும் என்று தோன்றினால், 37 என்ற வரம்பையும் இன்னும் இறக்குங்கள்.

விற்பவரிடம் மெஷினை ஓடவிட்டுக் காட்டச் சொல்லி, உங்கள் பலகை ஒன்றை நீங்களே இழைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் சின்ன அட்வான்ஸ். மீதியை, சேதமில்லாமல் வண்டியில் ஏறிய பிறகு கொடுங்கள்.