நேற்று வரை 200 எம்பிபிஎஸ் வந்த வீட்டு பிராட்பேண்ட் இன்று திடீரென மந்தமாகிவிட்டது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். பல நேரம் அதுவே சரிசெய்தும் விடும். ஆனால் இணைப்பு எத்தனை முறை அறுந்தது, எப்போது அறுந்தது என்று ரவுட்டர் எழுதி வைத்திருக்கும் லாக் பெரும்பாலும் அதோடு அழிந்துபோகும். அதனால் ரீஸ்டார்ட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும்.

லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள், இல்லாவிட்டால் எந்த வழியாக அளக்கிறோம் என்பதே தெரியாது. விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளையும் துண்டித்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். இரண்டு சர்வர்களில் பாருங்கள்: ஒன்று உங்கள் சேவை நிறுவனத்தின் சர்வர், இன்னொன்று வேறு யாருடையதாவது. முன்னதில் 200 வந்து பின்னதில் மட்டும் படுத்தால், உங்கள் வீட்டு லைனில் குறையில்லை. நிறுவனத்துக்கு அப்பால் நெரிசல்.

இப்போது வந்த எண்ணைக் கவனியுங்கள். கோளாறு என்ன என்பதை அதுவே பாதி சொல்லிவிடும்.

94-ஐ ஒட்டி அசையாமல் நிற்கிறதா? நூற்றுக்குத் தொண்ணூறு இது கேபிள்தான். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி விட்டுப்போனாலோ, முனையிலுள்ள உலோகப் பின்னில் அழுக்கேறினாலோ, பெரும்பாலான கருவிகள் இணைப்பைத் துண்டிக்காமல் ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடும். விளக்கெல்லாம் பச்சையாகவே எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீட் (கணினியும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம்) 1000 என்று காட்டுகிறதா, 100 என்றா பாருங்கள். லேப்டாப்பில் 1000 காட்டியும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போனும் அதே 94-இல் நின்றால், பழுது மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் அந்தக் குட்டிக் கேபிளில். பெரும்பாலோர் கண்ணுக்குத் தப்புவது அதுதான். கேட் 5ஈ அல்லது அதற்கு மேற்பட்ட கேபிள் ஒன்றை மாற்றிப் போட்டால் முடிந்தது.

2, 5, 10 என்று முழு எண்ணில் கோடு போட்டாற்போல் நின்றால் எதையும் கழற்ற வேண்டாம். மாத டேட்டா வரம்பு தீர்ந்து, நிறுவனமே வேகத்தைக் குறைத்திருக்கும். கணக்குப் பக்கத்தில் பாருங்கள்.

டவுன்லோட் தள்ளாடுகிறது, வீடியோ காலில் குரல் வெட்டுகிறது, ஆனால் எல்லாக் கருவிகளையும் துண்டித்தால் சரியாகிவிடுகிறது என்றால், அப்லோட் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். போன் படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம், கண்காணிப்புக் கேமரா ஓடிக்கொண்டிருக்கலாம். டவுன்லோட் ஆகும் தரவுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை மேலே போக வேண்டும். அது அப்லோட் வரிசையில் மாட்டிக்கொண்டால் அனுப்புகிற சர்வர் வேகத்தைக் குறைத்துவிடும். சோதிப்பது சுலபம். கூகுளின் 8.8.8.8 சர்வருக்குத் தொடர்ந்து பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை அப்லோட் செய்யுங்கள். 15 மில்லிசெகண்டில் இருந்தது 300, 400 என்று ஏறினால் இதுதான் வியாதி. ரவுட்டரில் எஸ்க்யூஎம் (வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தில் 85–90 சதவீதமாக வையுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டமாகத் தோன்றும். பயன்படுத்தும்போது நேர்மாறாக இருக்கும்.

கேபிளில் முழு வேகம், வைஃபையில் மட்டும் மந்தமா? போன் 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு நழுவியிருக்கும், அல்லது ரவுட்டர் தானாகச் சேனல் மாறியிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் சிக்னல் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் அந்தச் சேனலைக் காலிசெய்தாக வேண்டும் என்பது விதி. 36–48-க்குள் நிலையாக வைத்துப் பாருங்கள். 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் 1, 6, 11-இல் ஒரு சேனலும் போதும். சிக்னல் −67 டிபிஎம்முக்கு (சிக்னல் வலுவின் அளவு) கீழே, அதாவது −70, −75 என்று போனால் இடத்தை மாற்றுங்கள். ரவுட்டரை ஒட்டி யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தாலும் 2.4 கெடும். லிங்க் ஸ்பீட் 54-ஐத் தாண்டவே மறுத்தால், பாதுகாப்பு அமைப்பு டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையில் கிடக்கிறதா என்று பார்த்து ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

கேபிளிலும் மந்தம், எண்ணும் நிலையில்லாமல் ஆடுகிறது என்றால் லைன். ஃபைபராக இருந்தால் ஓஎன்டியின் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் வலு, எவ்வளவு என்று பாருங்கள். பரவலாக இருக்கும் ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) கருவிகள் ஏறத்தாழ −8 முதல் −27 டிபிஎம் வரை வாங்கும். ஒளி குறையக் குறைய வேகமும் படிப்படியாகக் குறையும் என்று நினைக்காதீர்கள்; −20 என்றாலும் −24 என்றாலும் ஒரே வேகம்தான். எல்லையை நெருங்கியதும் பிழைகள் பெருகிச் சட்டென்று சரியும். 3 டெசிபெல் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிய ஃபைபர், இறுக்கி மடக்கிக் கட்டிய வளைவு, தூசி ஏறிய கனெக்டர், இவைதான் வழக்கமான காரணங்கள். வளைவைத் தளர்த்துவது நீங்களே செய்யலாம். கனெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள், ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

டிஎஸ்எல் லைனில், அதாவது தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பில், பார்க்க வேண்டியது எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி). 6 டெசிபெல்லுக்குக் கீழே ஊசலாடினால் தொலைபேசியையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரையும் வீட்டு ஒயரிங்கையும் விலக்கி, லைன் உள்ளே வரும் முதல் முனையிலேயே மோடத்தைச் செருகிப் பாருங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மட்டும் படுத்து விடியலில் முழு வேகம் வந்தால், உங்கள் பக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜிபானில் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கு மேலே உள்ள இணைப்பிலும் நெரிசல் வரலாம்.

புகார் கொடுக்கும்போது 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் செய்யத்தான் சொல்வார்கள். கேபிளில் எடுத்த அளவு, நேரம், லிங்க் ஸ்பீட், ஆர்எக்ஸ் பவர் நான்கையும் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். டெக்னீஷியன் வந்தால் பவர் மீட்டரை ஓஎன்டி முனையில் வைத்து அளக்கச் சொல்லி, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். அவர் கிளம்பும் முன் அதே லேப்டாப், அதே கேபிள், அதே சர்வரில் இன்னொரு முறை டெஸ்ட் போட்டுவிடுங்கள்.