பேரங்காடிகளில் விலை எப்படி அவ்வளவு குறைகிறது? மொத்தமாக வாங்குவது மட்டும்தான் காரணமா?

மொத்தமாக வாங்குவதும் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நாள் கணக்கு. பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை வைத்திருக்கும் உங்கள் மாமாவால் ஏன் அந்த விலைக்குக் கொடுக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செந்தூலில் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகள். பிறகு கோலாலம்பூரில் ஒரு பெரிய பேரங்காடி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் 16 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்த்தவள் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

அப்பா மொத்த வியாபாரியிடம் அரிசியும் பருப்பும் எடுத்தால் பணத்தை உடனே கொடுக்க வேண்டும். நல்ல பழக்கம் இருந்தால் ஒரு வாரத் தவணை. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு அவர் ஒரு மாதம் கடன் கொடுத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்னப் புத்தகங்கள் ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருக்கும், வீட்டுக்கு ஒன்று. சம்பள நாள் மாலையில்தான் அவற்றில் கோடு அடிக்கப்படும். ஆக, சரக்குக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து, ஒரு மாதம் கழித்து அதைத் திரும்பப் பெற்றார் அப்பா. இடைப்பட்ட நாள்களை அவருடைய சொந்தப் பணம்தான் தாங்கியது. சில மாதங்களில் அம்மாவின் வளையலும் தாங்கியது.

பேரங்காடியில் இந்த ஓட்டம் அப்படியே தலைகீழ். வாடிக்கையாளர் இன்றைக்கே காசு கொடுக்கிறார். சரக்கு தந்தவருக்கு 60 நாள் கழித்துத்தான் பணம் போகிறது. ஒரு சோப்பு 15 நாளில் விற்றுவிட்டால், மீதி 45 நாள் அந்தப் பணம் நிறுவனத்தின் கையில் இருக்கும். உதாரணத்துக்கு, நாளொன்றுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) சரக்கு வாங்கி விற்கும் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமும் நாலரைக் கோடி வெள்ளி அடுத்தவர் பணம் வட்டியில்லாமல் அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பணத்தில் அடுத்த கிளையைத் திறக்கலாம். ஒரு பொருளில் மிகச் சிறிய லாபமே கிடைத்தாலும் தாக்குப்பிடிக்கலாம், ஏனென்றால் சொந்தப் பணம் அதில் முடங்கவில்லை.

இதனால்தான் பெரிய நிறுவனங்கள் சரக்கு தேங்கும் நேரத்தைக் குறைப்பதில் அவ்வளவு கவனம் வைக்கின்றன. 1962-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் சாம் வால்டன் தொடங்கிய வால்மார்ட், சரக்கைக் கிடங்கில் அடுக்கி வைக்காமல், வந்த லோரியிலிருந்து கடைக்குப் போகும் லோரிக்கு நேராக மாற்றிவிடும் முறையை மிகப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. வாரத்துக்கொரு தள்ளுபடி என்று போகாமல் எல்லா நாளும் குறைந்த விலை என்று அது பிடிவாதமாக நின்றதற்கும் இதே கணக்குதான். தள்ளுபடி வாரத்தில் கூட்டம் முட்டி, அடுத்த வாரம் கடை வெறிச்சோடினால், எவ்வளவு சரக்கு தருவிப்பது என்று யாராலும் திட்டமிட முடியாது.

இன்னொன்று, அங்கே எல்லாமே மலிவு என்பது உண்மையல்ல. 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 சென் என்பது அரசாங்கம் வைத்த விலை. அதில் யாருக்கும் போட்டியில்லை. மைலோ, பால் மாவு, குழந்தை நாப்கின் போன்றவற்றின் விலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனப்பாடம். அவற்றை வாங்கிய விலைக்கே விற்பார்கள், சில சமயம் அதற்கும் கீழே. விலை நினைவில் நிற்காத பிளாஸ்டிக் டப்பாவிலும் தலையணை உறையிலும் அந்த இழப்பை எடுத்துவிடுவார்கள்.

மொத்தமாக வாங்குவது மட்டுமே போதும் என்றால், பிரான்சின் கார்ஃபூரும் பிரிட்டனின் டெஸ்கோவும் இன்றும் இங்கே மலேசியாவில் இருந்திருக்க வேண்டும். உலகத்திலேயே மிக அதிகமாக வாங்கும் நிறுவனங்களில் அவை இரண்டும் இருந்தன. 1994-இல் வந்த கார்ஃபூர் 2012-இல் தன் கடைகளை ஜப்பானிய நிறுவனமான ஏயோனிடம் விற்றுவிட்டுப் போனது. 2002-இல் பூச்சோங்கில் முதல் கடையைத் திறந்த டெஸ்கோ 2020-இல் தாய்லாந்தின் சிபி குழுமத்துக்கு விற்றது. அந்தக் கடைகள்தான் இப்போது லோட்டஸ். அவை வெளியேறியதற்கு அவரவர் தாய்நாட்டுக் காரணங்களும் உண்டு. ஆனால் அதே காலத்தில் இங்கே வளர்ந்தது எது என்று பாருங்கள். சிறு வயதிலேயே போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட லீ தியாம் வா, 1987-இல் கிள்ளானில் ஒரு சிறிய மளிகைக் கடையோடு தொடங்கினார். அதுதான் 99 ஸ்பீட்மார்ட். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதற்கு 2,600-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. திரட்டப்பட்ட தொகை 236 கோடி வெள்ளி. தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்குள் ஒரு கடைவீடு, வேகமாக விற்கும் பொருள்கள், பெரும்பாலும் அழுகாத சரக்கு, அவ்வளவுதான். மீனும் கீரையும் இல்லாததால் வீணாவது குறைவு. உங்கள் மாமாவின் கடையும் ஏறக்குறைய அதே அளவு இடம்தான். எனக்கு இது பெரிய நம்பிக்கை தரும் செய்தி.

இனி, எனக்கு மனம் வலிக்கும் பகுதி. அந்த 60 நாளை யாரோ ஒருவர் சுமக்கிறார் அல்லவா? கிள்ளானிலிருந்து மசாலைத் தூள் கொண்டுவந்த ஒருவரை நான்தான் எங்கள் கடைகளில் சேர்த்தேன். நல்ல தூள், மீன் குழம்புக்கு அதற்கு இணை கிடையாது. அலமாரியில் இடம் பிடிக்க ஒரு கட்டணம், புதிய கிளை திறப்புக்கு ஒரு பங்களிப்பு, ஆண்டு விழா விற்பனைக்கு இன்னொரு பங்களிப்பு, விற்காததைத் திருப்பி அனுப்பும் செலவு என்று எல்லாவற்றையும் அவருடைய பில்லிலேயே கழித்தார்கள். மூன்றாவது மாதம் கணக்குத் தாளோடு வந்து, "தங்கச்சி, நான் உங்களுக்குச் சரக்கு கொடுத்தேனா, பணம் கொடுத்தேனா?" என்று கேட்டார். அந்த நிபந்தனைகளில் என் கையெழுத்தும் இருந்தது. அவர் அதோடு விலகிக்கொண்டார்.

இப்படி வரும் பணம் வாங்கும் நிறுவனத்தையும் கெடுக்கும். 2014-இல் பிரிட்டனில் டெஸ்கோ தன் லாப மதிப்பீட்டைச் சுமார் 25 கோடி பவுண்டு மிகைப்படுத்திவிட்டதாக அறிவித்தது. சரக்கு தருபவர்களிடமிருந்து வரவேண்டிய தொகைகளை முன்கூட்டியே வரவு வைத்தது அதற்கு முக்கியக் காரணம். விற்பதில் சம்பாதிப்பதை விட்டு வாங்குவதில் சம்பாதிக்கப் பழகினால், வாடிக்கையாளருக்கு எது வேண்டும் என்ற கேள்வியே அலுவலகத்தில் எழாது. அமெரிக்கப் பேரங்காடி நிறுவனமான காஸ்ட்கோ நம் நாட்டில் இல்லை, ஆனாலும் அதன் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன்: சுமார் 4,000 வகைப் பொருள்கள் மட்டும், பிற நிறுவனப் பொருள்களுக்கு வாங்கிய விலைக்கு மேல் 14 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு.

மாமாவிடம் சொல்லுங்கள்: ஒவ்வொரு பொருளும் எத்தனை நாளில் தீர்கிறது என்று ஒரு மாதம் எழுதி வைக்கட்டும். வேலையை விட்ட பிறகு அண்ணன் கடையில் நான் முதலில் செய்தது அதுதான். ஆறு வகைச் சலவைத் தூளை இரண்டாகக் குறைத்தோம். மூன்று மாதம் தூசி படிந்து கிடந்தவற்றை நிறுத்தினோம். பில்லைச் சொன்ன தேதியில், ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டினோம். ஓராண்டு அப்படிக் கட்டிய பிறகுதான் அண்ணன் மொத்த வியாபாரியிடம் கூடுதல் தவணை கேட்டார். 555 புத்தகங்களில் முதியவர்களுடையது மட்டும் இருக்கிறது. அதை நிறுத்த அப்பா சம்மதிக்கவில்லை, எங்களுக்கும் மனம் வரவில்லை. இப்போது அங்கே ஆட்டா மாவு ஒன்பது நாளில் தீர்கிறது. அதற்கான பணத்தை அண்ணன் 21-ஆம் நாள் கட்டுகிறார்.