கர்ப்பப்பையை எடுத்தால் தலைவலி போகுமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஒற்றைத் தலைவலி இருபது வருடங்களாக உண்டு. முன்பெல்லாம் மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வரும். இப்போது ஒரு வருடமாக மாதவிலக்கே தாறுமாறாகிவிட்டது. இரண்டு மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. தலைவலியோ மாதத்தில் பாதி நாள் இருக்கிறது. ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூக்கம் கலைகிறது. மெடிக்கலில் வாங்கும் மாத்திரையைத் தினமும் ஒன்றாவது போட்டால்தான் அடுப்படிக்குப் போக முடிகிறது. ‘கர்ப்பப்பையை எடுத்துவிடு, எல்லாம் தீரும்’ என்கிறார் அக்கா. எடுக்கலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: தலைவலிக்காக என்றால் வேண்டவே வேண்டாம்.

உங்கள் தலைவலியைக் கிளப்புவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்ற இறக்கம். அதைச் சுரப்பது சினைப்பை, கர்ப்பப்பை அல்ல. மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒரு வாரம் எகிறும், மறுவாரம் சரியும். அது சரியும்போது மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொள்கிறது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஹார்மோன் ஒரே நாளில் அதலபாதாளத்துக்குப் போகும். இப்படி எடுத்த பலருக்குத் தலைவலி முன்பைவிட மோசமாகியிருக்கிறது. இயற்கையாக மாதவிலக்கு நின்றவர்களில் பலருக்கோ, ஹார்மோன் அடங்கிய பிறகு மெல்லக் குறைகிறது.

பத்து நாள் நிற்காத உதிரப்போக்கு தனி விஷயம். அதற்கு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேனும் ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் அதுவும் தலைவலியைக் கூட்டும்.

இனி அந்த தினசரி மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பாராசிட்டமால் மட்டுமா, கூடவே காஃபீன், எர்கோட்டமின் (ரத்தக்குழாயைச் சுருக்கும் மைக்ரேன் மருந்து) என்று ஏதாவது இருக்கிறதா? தனி பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். காலையில் எழும்போதே மண்டை கனக்கும், ஒன்று போட்டால் மதியம் வரை தாங்கும், அப்புறம் மறுபடி வரும். ஹார்மோன் ஆரம்பித்து வைத்ததை இப்போது மாத்திரை நடத்திக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை இதை நிறுத்துவது. மருத்துவர் துணையோடு செய்யுங்கள். முதல் வாரம், பத்து நாள் வலி கூடும்; சொல்லாமல் விட்டால் பயந்துபோய் மறுபடி ஆரம்பித்துவிடுவீர்கள். அட்டையில் டிரமடால், கோடீன் என்ற அபின் வகை வலிமருந்துகள் இருந்தால் மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது. மாதக் காலண்டரில் தலைவலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாதவிலக்குக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். மருத்துவருக்கு ஸ்கேனைவிட அது அதிகம் சொல்லும்.

மாதத்தில் இத்தனை நாள் வலிப்பவருக்குத் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து தேவை. தூக்கம் கெடுவதால் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் பொருந்தலாம். வென்லாஃபாக்சின் உடல் சூட்டையும் வியர்வையையும் சேர்த்துக் குறைக்கும். புரோப்ரனலால் நல்ல மருந்து, ஆஸ்துமா இருந்தால் கூடாது. இங்கே அதிகம் எழுதித் தரப்படும் ஃப்ளுனாரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வு தரும். இந்த வயதில் அது என் முதல் தேர்வு அல்ல. எதுவானாலும் பலன் தெரிய ஆறேழு வாரம் ஆகும். வலி வரும் நாளுக்கு சுமட்ரிப்டான் போன்றவை உண்டு. இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் அவையும் எர்கோட்டமினும் கூடாது.

வியர்வை மிக அதிகமென்றால் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். வாயில் போடும் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையோ தடவும் ஜெல்லோ மேல். ஹார்மோன் ஏறி இறங்காமல் ஒரே அளவில் இருக்கும். கர்ப்பப்பை உள்ளவருக்குப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே தர வேண்டும். ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: வலிக்கு முன் கண்ணில் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரியுமா? தெரிந்தால், மாதவிலக்கை ஒழுங்குபடுத்த என்று ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை தரக் கூடாது. பக்கவாத ஆபத்து உண்டு.

வெள்ளிக்கிழமை விரதம் இருப்பீர்களா? ஒரு வருடத்துக்கு அம்மனிடம் விடுமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினி மைக்ரேனுக்குத் தீனி. காபி குடிப்பதானால் தினமும் அதே நேரம், அதே அளவு.

திடீரென்று இடி விழுந்தாற்போல வரும் வலி, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பதைத் தாண்டியபின் புதுவிதமாக நெற்றிப்பொட்டில் வலி வந்து, தலை சீவினால் நோவும், மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்தால் அது மைக்ரேனாக இல்லாமல் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையைப் பறிக்கக்கூடியது என்பதால், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.