வேளாண் ஆசிரியர் பயிற்சி: செய்முறை வகுப்புச் சந்தேகங்கள்

மேல்நிலைப் பள்ளித் தொழிற்பிரிவில் வேளாண் அறிவியல் நடத்தப் பயிற்சி எடுப்பவர்கள் கேட்டவை:

கே: சார், உப்புக் கரைசலில் நெல் விதையைத் தேர்வு செய்து காட்டினேன். அரைகுறை விதையும் சேர்ந்து மூழ்கிவிட்டது. அடர்த்தி பார்க்கப் போட்ட முட்டை மிதந்ததே?

ப: முட்டையில்தான் கோளாறு. நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெருத்திருக்கும். வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். அதை நம்பி உப்பை நிறுத்தினால் கரைசலுக்கு அடர்த்தி போதாது. முதலில் வெறும் தண்ணீரில் முட்டையைப் போடுங்கள், அடியில் படுக்க வேண்டும். பிறகு உப்பைக் கரையுங்கள். 10 லிட்டருக்கு சுமார் ஒன்றரை கிலோ பிடிக்கும். பழைய நாலணாக் காசு அகலத்துக்கு முட்டை ஓடு வெளியே தெரிந்தால் பதம் சரி. மிதப்பதை அரித்தெடுத்து, மூழ்கிய விதையை உடனே இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். மணி அடித்துவிட்டது என்று அலசாமல் விட்டுவிடாதீர்கள்.

கே: முளைப்புச் சோதனைக்காக ஈரத் தாள் சுருளில் வைத்த உளுந்து, நூற்றுக்கு அறுபதுதான் முளைத்தது. விதை மோசமா?

ப: முளைக்காததை விரலால் நசுக்கிப் பாருங்கள். கூழானால் செத்த விதை. கல்லாக நின்றால் கடின விதை. தோல் நீரை உள்ளே விடவில்லை, அதைத் தனியே எழுத வேண்டும். நிறைய அழுகியிருந்தால் உங்கள் தாளில் ஈரம் அதிகம்: பிழிந்து சொட்டு நின்ற பிறகே விதையை அடுக்கிச் சுருட்டுங்கள். உளுந்துக்கு 7ஆம் நாள், நெல்லுக்கு 14ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. வேர் விட்டுக் குருத்து வராததையும் பிள்ளைகள் முளைத்ததாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு சுருளையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

கே: உரக்கணக்கில் யூரியா எப்போதும் கூடுதலாக வருகிறது ஐயா.

ப: டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46 சதவீதம் மட்டுமல்ல, தழைச்சத்து (நைட்ரஜன்) 18 சதவீதமும் இருக்கிறது. அதைக் கழிக்க மறக்கிறார்கள். கரும்பலகைக்கு எளிய கணக்கு: தழை 64 கிலோ, மணி 46 கிலோ தேவை. டி.ஏ.பி. 100 கிலோ போட்டால் மணி முடிந்தது, தழையில் 18 வந்தது. யூரியாவில் தழை 46 சதவீதம், ஆகவே மீதி 46 கிலோவுக்கு யூரியா 100 கிலோ.

கே: மண் மாதிரி எடுக்க எத்தனை ஆழம்?

ப: நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ.; பருத்தி, கரும்புக்கு 22. வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் போட்ட இடம் வேண்டாம். துத்தநாகம் போன்ற நுண்ணூட்டம் பார்ப்பதானால் பிளாஸ்டிக் வாளிதான்; தகர வாளியின் துத்தநாகப் பூச்சு மண்ணில் கலந்துவிடும்.

கே: பள்ளித் தோட்டத்துக்கு என்ன பயிர்?

ப: சிறுகீரை. 25 நாளில் அறுவடை. விதைத்த பிள்ளைகளே அறுப்பார்கள். விதை பொடியானது, மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள்.